யார் சொன்ன சாட்சியம்?

நம் வீடுகளில் படிவம் நிரப்பாத மாதம் இன்று இல்லை என்றே சொல்லிவிடலாம். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பாஸ்போர்ட் எடுப்பது, ஹஜ்ஜுக்கு மனுப் போடுவது, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கேட்பது எல்லாம் கைபேசியிலோ கம்ப்யூட்டரிலோதான் நடக்கின்றன. முன்பெல்லாம் தபாலாபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் முன்னால் போய் உட்காருவோம். அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். நாம் சொல்லச் சொல்ல எழுதுவார். இப்போது பெயர் என்ற கட்டத்தில் விரலை வைத்தாலே போதும். பெயர், முகவரி, டெலிபோன் நம்பர் எல்லாம் மளமளவென்று தாமாகவே வந்து உட்கார்ந்து விடுகின்றன. கடைசியில், 'மேற்கண்ட விபரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் ஒரு சிறு கட்டம். அதிலும் ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது.

வாசிக்காத ஒன்றை உண்மை என்று உறுதி கூறுகிறோமே, இந்தச் சாட்சியம் யாருடையது?

இதை நாம் கேட்பதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நமது பேரனின் படிப்புக்காக, ஜக்காத் நிதியிலிருந்து கல்வி உதவி வழங்கும் ஓர் அமைப்புக்கு விண்ணப்பிக்க கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றுக்குப் போயிருந்தோம். உதவி பெறத் தகுதி உண்டா என்பதை அவர்களே பார்த்துச் சொல்லட்டும் என்பதுதான் நம் எண்ணம். அங்கிருந்த தம்பி வெகு வேகம். குடும்ப வருமானம் என்ற கட்டத்தை அவர் தொட்டதும் 72,000 என்று ஒரு தொகை கீழே எட்டிப் பார்த்தது. நமக்கு முன்னால் வந்தவர் யாரோ எழுதியதை அந்தக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருந்திருக்கிறது. அதையே தொட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். "எல்லாம் சரிதானே பாய்?" என்றார். கண்ணாடி கொண்டு போகவில்லை. "சரி தம்பி" என்றோம்.

பணம் வந்தது, பள்ளிக்கும் கட்டியாயிற்று. பிறகு ஒருநாள் அச்செடுத்த தாளைப் பார்த்த மருமகள்தான், "மாமா, இது யாரோட வருமானம்?" என்று கேட்டாள். நம் மகனின் வருமானம் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

மகன் சொன்னான்: "நாம பொய் சொல்லலியே வாப்பா. கம்ப்யூட்டர்தானே போட்டுச்சு?"

எளிதாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல இது. பொய் என்பது எது என்று நம் முன்னோர்களான இமாம்களே விவாதித்திருக்கிறார்கள். வேண்டுமென்றே சொன்னால்தான் அது பொய் என்பது முஃதஸிலாக்களின் கட்சி. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ, உள்ளதற்கு மாறாக அறிவிப்பது எதுவும் பொய்தான், தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும் பொய்தான், ஆனால் வேண்டுமென்றே சொன்னவன் மீதுதான் பாவம் சேரும் என்பதே அஹ்லுஸ் ஸுன்னத்தின் நிலை என விளக்குகிறார்கள். ஆக, நமது தாளில் இருந்தது பொய்தான். அதைப் பாவம் என்று சொல்ல முடியாது என மகன் ஆறுதல் அடையலாம்.

அந்த ஆறுதல் எதுவரை செல்லும்? பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் கை தவறி உடைத்தவன் பாவியல்ல. ஆனாலும் பாத்திரத்தின் விலை அவன் தலையில்தான். தவறுதலாக ஓர் உயிர் போனாலும் 'தியத்' எனும் ஈட்டுத்தொகையைத் திருமறை (4:92) விதித்திருக்கிறதே! நிய்யத் சுத்தமாக இருந்தால் குற்றம் நீங்கும். அடுத்தவன் இழந்தது அதனால் திரும்பி வந்துவிடாது. ஜக்காத்தைப் பெறுவோர் எட்டு வகையினர் என்று அல்லாஹுத் தஆலாவே வரையறுத்திருக்கிறான் (9:60). அந்த வகையினரில் சேராத நமது வீட்டுக்கு வந்த பணம், சேர்ந்த வேறொரு பிள்ளையின் கட்டணம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. தெரியாமல் என்கிறோமே, தெரிந்துகொள்ள நமக்கு வழியில்லாமலா போயிற்று? கண்ணாடியை எடுத்துவர வீட்டுக்குப் போய்வரப் பத்து நிமிடம்.

திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல, கடனை எழுதிக்கொள்வது பற்றியது. கடன் யார் மீது இருக்கிறதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும். சொல்ல இயலாதவராக இருந்தால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். பொறுப்புக்குரியவர் பேசுகிறார், எழுத்தர் எழுதுகிறார். நம் காலத்திலோ எழுத்தர் பேசுகிறார், பொறுப்புக்குரியவர் தலையாட்டுகிறார்!

அந்த எழுத்தருக்குத்தான் என்ன தெரியும்? படிவத்தை அமைப்பவர்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் இது பெயர், இது பிறந்த தேதி என்று மறைவாக ஓர் அடையாளம் இடலாம். பிரவுசர் அதைப் பார்த்துத் தன்னிடம் உள்ளதை எடுத்து வைக்கிறது. அடையாளம் இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள சொற்களைக் கொண்டு ஊகிக்கிறது. நம் பெயர்களிடம் அது படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். முஹம்மது இப்ராஹீம் என்ற ஒரே பெயரை இரண்டாக வெட்டி, இப்ராஹீமைக் குடும்பப் பெயராக்கிவிடும். பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் ஹஜ் மனுவில் வேறு விதமாகவும் பெயர் வந்துவிட்டு அலைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! கேட்காததைக் கொடுத்துவிடுவதும் உண்டு. பெயரும் மின்னஞ்சலும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் ஒரு படிவத்தில், மறைந்திருக்கும் கட்டங்களுக்குள் முகவரியையும் டெலிபோன் நம்பரையும் சில பிரவுசர்கள் நிரப்பிவிடுவதை ஃபின்லாந்து நாட்டுக் கம்ப்யூட்டர் வல்லுநர் ஒருவர் 2017இல் செய்து காட்டினார்.

இதனால் அந்த வசதியே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. கை நடுங்கும் முதியவருக்கும், பார்வையற்றவருக்கும், எழுத்துக் கூட்டச் சிரமப்படும் பிள்ளைக்கும் அது பெரிய உபகாரம். படிவக் கட்டங்களுக்கு அந்த அடையாளம் இருக்க வேண்டும் என்பதை, உடல் குறை உள்ளோருக்காக 2018இல் வெளியிடப்பட்ட உலகளாவிய இணைய நெறிமுறைகளே சேர்த்துக்கொண்டன. உம்மாவுக்காகப் படிவம் நிரப்பும் மகனும், வசனத்தில் சொன்ன பொறுப்பாளரின் இடத்தில்தான் இருக்கிறான். அவன் வாசித்துக் காட்டிய பிறகு உம்மா 'ஆமாம்' என்றால், அது உம்மாவின் சொல்.

நாம் அந்த அமைப்புக்குக் கடிதம் எழுதி, நடந்ததைச் சொன்னோம். பணத்தை ஐந்து தவணைகளில் திருப்புவதாக ஒப்புக்கொண்டோம். இதுவரை மூன்று கட்டியாயிற்று. அதற்காக மகன் சீட்டு ஒன்றைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது, அதில் அவனுக்கு வருத்தம்தான். போன வாரம் அவனே தன் ஹஜ் மனுவை நிரப்ப உட்கார்ந்தான். எல்லாக் கட்டங்களும் ஒரே நொடியில் நிரம்பிவிட்டன. கைபேசியை மனைவியிடம் நீட்டி, "ஒண்ணொண்ணா வாசி, நான் சொல்றேன்" என்றான். மூன்றாவது கட்டத்திலேயே பழைய வீட்டு முகவரி இருந்தது.