நீர்வழியும் அறவழியும்

ஒரு செயலின் அறத்தகுதி அதனால் விளையும் பயனைப் பொறுத்ததா, அன்றி அதனைச் செய்வோனின் நோக்கத்தைப் பொறுத்ததா என்னும் வினா மெய்யியலாருக்குப் புதிதன்று. நல்லெண்ணம் ஒன்றே நிபந்தனையின்றி நன்மையானது என்றார் கான்ற். செய்வோனின் நோக்கம் அவனது தகுதியை உணர்த்துமேயன்றிச் செயலின் சரி பிழையை நிருணயிக்காது என்றார் மில். இவ்விரு கொள்கைகளையும் நூல்களின் துணையோடு மட்டுமன்றி, ஒரு நகரின் தெருக்களில் நடந்தும் ஆராயலாம். அந்நகர் உரோமாபுரி. அங்கு வழிகாட்டிகள் பண்டைய நீர்க்கால்வாய்களையும் நீரூற்றுக்களையும் தொடர்ந்து பயணிகளை நடத்திச் செல்வதுண்டு. அந்நடையில் எதிர்ப்படும் சில இடங்களை அறவியல் நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமரின் முதற் கால்வாயான அப்பியா கி.மு. 312இல் அமைக்கப்பட்டது. கி.பி. 226இல் அலெக்சாந்திரினா அமைந்தபோது கால்வாய்களின் தொகை பதினொன்றாயிற்று. நீரை மேலேற்றும் பொறி எதுவும் இவற்றை இயக்கவில்லை. நீர் பெறப்பட்ட இடங்களிலிருந்து நகர்வரை இடையறாது பேணப்பட்ட மெல்லிய சரிவே நீரை நடத்திற்று. இவற்றின் பெரும்பகுதி நிலத்தின் கீழேயே சென்றது. நிலம் தாழ்ந்த இடங்களிலேதான் கண்ணைக் கவரும் வளைவுகள் எழுப்பப்பட்டன. நாம் வியந்து நோக்குவது மிகச் சிறுபகுதியை. பயன்தந்த பெரும்பகுதியோ கண்ணுக்குப் புலனாகாதது. இவ்வுண்மை பின்வரும் ஆராய்ச்சிக்கும் பொருந்துவதாகும்.

நகரின் கிழக்கிலுள்ள 'போர்த்தா மச்சோரே' என்னும் பெருவாயில், கிளோடியா, புதிய அனியோ ஆகிய இரு கால்வாய்களையும் தன் தலைமேற் சுமந்து நின்ற வளைவாகும். அதில் மூன்று கல்வெட்டுக்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக உள்ளன. மேலுள்ளது, கி.பி. 52இல் இவ்விரு நீர்களையும் நகருக்குக் கொணர்ந்த பேரரசன் கிளோடியசினது. அடுத்தது, ஒன்பது ஆண்டுகள் தடைப்பட்டுச் சிதைந்து கிடந்த அவற்றை கி.பி. 71இல் வெஸ்பேசியன் மீட்டளித்ததைக் கூறுவது. மூன்றாவது, அதன்பின் பத்தாண்டளவில் அவன் மைந்தன் தைத்தஸ் மீண்டும் புதுக்கியதைக் கூறுவது. மூவரும் தத்தம் சொந்தச் செலவிலேயே இதனைச் செய்ததாகக் கல்வெட்டுக்கள் சாற்றுகின்றன.

சொந்தச் செலவு என்னும் அத்தொடரிடத்து நாம் சற்றே தரித்தல் வேண்டும். வென்ற நாடுகளின் திறையும் குடிகளின் வரியும் வந்து நிறைந்த ஒரு பேரரசனின் பெட்டகத்தில் எது அவன் சொந்தம்? மக்களிடமிருந்து பெற்றதை மக்களுக்கே திருப்பியளித்தல் கொடையாகுமா? வள்ளுவர் ஒப்புரவறிதலை ஈகையினின்றும் பிரித்துத் தனி அதிகாரமாக வகுத்தமை ஈண்டுக் கருதற்பாலது. ஈகை இல்லாதவனுக்கு இரங்கி அளிப்பது; ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்பவனின் கடப்பாடு. ஒப்புரவாளனின் செல்வத்துக்கு ஊரார் உண்ணும் நீர் நிறைந்த குளத்தையே அவர் உவமையாக்கினார். கடப்பாட்டைக் கொடையென்று பெயர்மாற்றும்போது, உரிமையுடைய குடிமகன் நன்றிக்கடன் பட்டவனாகிவிடுகிறான். கல்வெட்டு நீரை மட்டும் தரவில்லை, பணிவையும் கேட்கிறது.

இதனை மறுப்போர் கூறுவதும் வலுவுடையதே. தாகமுற்றவன் நீர் கொணர்ந்தவனின் உள்ளத்தை ஆராய்வதில்லை. அகுஸ்தசின் உற்ற துணைவனான அகிரிப்பா கி.மு. 19இல் விர்கோ என்னும் கால்வாயை அமைத்தான். அரசியற் செல்வாக்கை நாடியே அவன் அதனைச் செய்தானெனினும், பெரும்பாலும் நிலத்தடியிற் சென்றமையால் அது காலத்தை வென்றது. கி.பி. 1453இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கொலஸ் அதனைச் செப்பனிட்டார். நிக்கொலா சால்வியின் திட்டப்படி 1732இல் தொடங்கி 1762இல் நிறைவெய்திய புகழ்பெற்ற திரெவி நீரூற்றுக்கும் அக்கால்வாயின் வழியே நீர் வருகிறது. ஈராயிரம் ஆண்டுப் பயனுக்கு முன் ஒருவனது புகழாசை எம்மாத்திரம் என மில்லின் வழிநிற்போர் வினவலாம்.

ஆயின், இவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. போர்த்தா மச்சோரேயின் இரண்டாவது கல்வெட்டை மீண்டும் நோக்குக. ஏறத்தாழ 69 கிலோமீற்றர் நீளமான கிளோடியா, ஓடத் தொடங்கிப் பத்தாண்டளவிலேயே நின்றுபோயிற்று. புகழ், திறப்புவிழா உள்ள செயலையே நாடும். பேணுதலுக்குத் திறப்புவிழா இல்லை. கால்வாயைக் கட்டியவனுக்குக் கல்வெட்டு உண்டு. அது உடையாதவாறு காத்தவனுக்கு யாது உண்டு? உடையாமை ஒரு நிகழ்ச்சியன்று. ஆதலின் அதனைப் பொறிக்கக் கல்லும் இல்லை. செய்வோனின் நோக்கம் இன்று குடிப்பவனுக்கு ஒரு பொருட்டன்று. நாளை குடிப்பவனுக்கு அதுவே பெரும் பொருட்டாகும். நோக்கத்தின் குறை பயனிலே தோன்றச் சிறிது காலம் செல்கிறது, அவ்வளவே.

இதனை நன்குணர்ந்தவர் கி.பி. 97இல் நகரின் நீர்ப்பணிகளுக்கு அதிபதியான புரொன்ரினஸ். அவர் எழுதிய நூல் பெரும்பாலும் அளவுகளும் கணக்குகளும் பழுதுபார்க்கும் முறைகளும் நிறைந்தது. பேணும் பணிக்கு இரு கூட்டத்தார் இருந்தனர் என்றும், அரசுடைமையான கூட்டத்தில் ஏறத்தாழ 240 பேரும் பேரரசனுக்குரிய கூட்டத்தில் 460 பேரும் அடங்கினர் என்றும் அவர் குறிக்கிறார். மேற்பார்வையாளர், தொட்டி காப்போர், கல் பாவுவோர், சாந்து பூசுவோர் என அவர்கள் பகுக்கப்பட்டிருந்தனர். கால்வாய் வழியே சுற்றி நடந்து பார்வையிடுவோரும் அவருள் இருந்தனர். இப்பணியாளரைச் செல்வாக்குடையோர் தம் சொந்த வேலைகளுக்கு இழுத்துக்கொண்டதையும், குழாய்களைத் துளைத்து நீர் களவாடப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. 591 பொதுத் தொட்டிகளுக்கு நீர் குன்றாது செல்லவேண்டுமாயின் இக்களவு ஒழிதல் வேண்டும் என்பதை அவர் கணக்குகள் புலப்படுத்துகின்றன.

இங்கு இன்னோர் உண்மையையும் தட்டிக்கழித்தல் ஆகாது. அவ்வெழுநூறு பேரும் அடிமைகள். அவர்களது உழைப்பைக் கடமையுணர்வு என்று நாம் போற்றுவோமாயின், கட்டாயத்தை ஒழுக்கமென மயங்கியவராவோம். கடமை என்பது மறுக்கக்கூடியவன் மறுக்காது ஏற்பதாகும். மறுக்கும் உரிமையே இல்லாதவனிடம் பெறப்பட்டது கடமையன்று, பறிக்கப்பட்ட வாழ்நாள். ஆகவே அந்நகர் குடித்த நீருக்கு உரியதான நன்றி கல்வெட்டில் உள்ளோருக்கே சென்றமை வெறும் மறதியன்று, அது நீதிப்பிழை. நன்றியும் பங்கிடப்படவேண்டிய ஒரு பொருளே.

நடையின் இறுதியில் நவோனா சதுக்கத்தை அடைகிறோம். பேர்னினி அமைத்த நான்கு நதிகளின் நீரூற்று 1651இல் அங்கு நிறைவெய்தியது. அதனை எழுப்புவித்தவர் பாப்பரசர் பத்தாம் இனசென்ற். பஞ்சம் வாட்டிய அவ்வாண்டுகளில் அதன் செலவு வரியாகத் தம்மேல் விழுந்தபோது, எமக்கு வேண்டியது பாணேயன்றி நீரூற்றன்று என்ற பொருள்பட மக்கள் எழுதி ஒட்டினர். அழகு வீண் என்பது இதன் கருத்தன்று. அவ்வழகை இன்று நுகரும் நாம் அதன் விலையைச் செலுத்தியவர்களல்லோம் என்பதே கருத்து. பசித்தவனின் பாணிலிருந்து பெற்ற அழகைப் பின்வந்தோரின் இன்பம் நியாயப்படுத்திவிடாது. இழந்தவனுக்கு அவ்வின்பத்திற் பங்கில்லை.

இத்தகு பெருஞ்சின்னங்களுக்கிடையே, 1874 முதல் தெருவோரங்களில் நிறுவப்பட்ட வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய்த்தூண்களும் அந்நகரில் உள்ளன. ஏறத்தாழ 2,500 எண்ணப்படும் அவை எந்த அரசனையும் புகழ்வதில்லை. எவர்க்கும் விலையின்றி நீர் தருகின்றன. 2017இன் வறட்சியின்போது அவற்றுட் பலவற்றை மூட முடிவுசெய்யப்பட்டவிடத்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. கொடையை நிறுத்தியவனிடம் மன்றாடலாம்; உரிமையை நிறுத்தியவனையே தட்டிக்கேட்கலாம். நீர் கொடையெனும் நிலையிலிருந்து உரிமையெனும் நிலைக்கு வந்தமை அங்கு எழுப்பப்பட்ட எந்த வளைவினும் உயர்ந்தது எனலாம்.

புரொன்ரினஸ் தமக்கு நினைவுச்சின்னம் எழுப்புதலைத் தடைசெய்தார் என இளைய பிளினியின் கடிதமொன்றால் அறிகிறோம். தம் வாழ்வு தகுதியுடையதாயின் நினைவு நிலைக்கும் என்பது அவர் கருத்து. அவர் ஆட்சியின் கீழ்க் கால்வாய் வழியே நடந்து வெடிப்புக்களைத் தேடியவர்களுக்கோ, வேண்டாமென்று மறுப்பதற்கும் ஒரு சின்னம் முன்வைக்கப்படவில்லை. பழைய நீர்வழியைக் காணச் செல்வோர் நடக்கும் பாதை முதலில் அவர்கள் நடந்த பாதையே என்பதை வழிகாட்டிகள் சொல்வார்களாயின், அந்நடை காட்சியாக மட்டும் அமையாது. காலந்தாழ்ந்தேனும் செலுத்தப்படும் ஒரு கடனாகவும் அமையும்.