வேணாம் என்று சொல்வதற்கு என்ன விலை?

“இன்னா தம்பி, வேணாம்னு சொல்றதுக்குக்கூட காசு வேணுமா?”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடித்தான்.

அவருடைய மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். மருத்துவக் கலந்தாய்வின் முதல் சுற்றில் இடம் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் வீணாகப் போய்விடக் கூடாதே என்று தனியார் கல்லூரி ஒன்றில் செவிலியர் படிப்புக்கு அறுபதாயிரம் ரூபாய் கட்டினார்கள். அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டு வந்தார்கள். அடுத்த சுற்றில் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இடம் வந்தது. காலனியே கூடிக் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டம் ஒரு ராத்திரிதான். மறுநாள் காலை அந்தக் கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள்: “மொத்தப் படிப்புக்கும் பணத்தைக் கட்டிட்டு சர்டிபிகேட்டை எடுத்துட்டுப் போ.”

மருத்துவக் கல்லூரியில் சேர இருந்ததோ சில நாட்கள்தான். பத்துப் பேராகப் போய் அந்த அலுவலக வாசலில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் சான்றிதழ் கைக்கு வந்தது. பணம் வர ஏழு மாதம் ஆயிற்று, அதுவும் பத்தாயிரம் பிடித்துக்கொண்டு. அந்த அறுபதாயிரம் மூன்று வட்டிக்கு வாங்கிய கடன். மாதம் 1,800 வீதம் ஏழு மாதத்துக்கு 12,600 ரூபாய் வட்டி. பிடித்த பத்தாயிரத்தையும் சேர்த்தால் 22,600. ஒரு நாள்கூட உட்காராத பெஞ்சுக்கு ‘வேணாம்’ சொல்ல அந்தக் குடும்பம் கொடுத்த விலை இது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் முழுப் பணம், அதற்குப் பிறகு படிப்படியாகக் குறைத்துத் திருப்பித் தரவேண்டும் என்றும் கணக்கு வகுத்திருக்கிறது. நன்கொடை வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு மாதம் காத்திருக்க யாரால் முடியும்? இங்கேதான் இது வெறும் மோசடிப் பிரச்சினையாக இல்லாமல் அறம் பற்றிய கேள்வியாக மாறுகிறது.

மறுப்பு என்பது நமக்குப் புதிய சொல் அல்ல. நம் அரசியல் தொடங்கியதே மறுப்பில்தான். செத்த மாட்டைத் தூக்க மாட்டோம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், கொல்லைப்புறத்தில் நின்று கூழ் வாங்க மாட்டோம் என்று சொன்னபோதுதான் ஊர் நம்மைத் திரும்பிப் பார்த்தது. சொன்னதற்காக வீட்டைக் கொளுத்தியது. 1927இல் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் மக்களிடம் கேட்டதும் இழிதொழிலையும் செத்த மாட்டின் இறைச்சியையும் விட்டொழிக்கும்படிதான். அடிமைக்கு ‘ஆமாங்க’ என்ற ஒரே சொல்தான் அனுமதிக்கப்பட்டது. ‘முடியாது’ என்று சொன்ன நிமிஷத்தில் அவன் மனிதனாக எழுந்து நின்றான்.

அப்படியானால் கலந்தாய்வு மேசையில் ஒரு சேரிப் பிள்ளை ‘இந்த இடம் வேண்டாம்’ என்று கையெழுத்துப் போடுகிறதே, அதுவும் மறுப்புதானா?

2020ஐ நினைத்துப் பாருங்கள். நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதே அரிதாகிப் போனது. அதனால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவரப்பட்டது. மசோதா ஆளுநர் மேசையில் வாரக்கணக்கில் கிடந்தது. அரசு ஆணை பிறப்பித்த பிறகு, அக்டோபர் 30 அன்று ஒப்புதல் வந்தது. நவம்பர் 18 அன்று சென்னையில் கலந்தாய்வு தொடங்கியது. எம்.பி.பி.எஸ்.ஸில் 313, பல் மருத்துவத்தில் 92, ஆக 405 இடங்கள். இவற்றில் எம்.பி.பி.எஸ். இடங்கள் 86ம் பல் மருத்துவ இடங்கள் 80ம் தனியார் கல்லூரிகளில் இருந்தன. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கல்விக் கட்டணம் பதினான்காயிரத்துக்கும் குறைவு. தனியாரில் அரசு ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். இடத்துக்கே ஏறக்குறைய நான்கு லட்சம். கூலிக்காரர் பிள்ளைகள் சிலர் கிடைத்த இடத்தை ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்கள். கூச்சல் எழுந்த பிறகு, சில நாட்களில், கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. நல்லதுதான். ஆனால் அதற்குள் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தவர்களில் சிலர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

கவனியுங்கள் தோழர்களே, அந்தப் பிள்ளைகள் ‘விருப்பமில்லை’ என்று சொல்லவே இல்லை. ‘முடியவில்லை’ என்றார்கள். படிவத்தில் ‘முடியவில்லை’ என்பதற்குக் கட்டம் கிடையாது. ‘விருப்பமில்லை’ என்பதற்கு உண்டு. ஒரு சமூகம் செய்த அநியாயத்தைப் பாதிக்கப்பட்டவனின் விருப்பமாக எழுதி அவனிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளும் தந்திரம் இது. நாளைக்குப் புள்ளிவிவரம் சொல்வார்கள்: ‘இடம் கொடுத்தோம், அவர்கள்தான் வரவில்லை.’

இதை எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியவைக்கலாம். திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளிலும் செங்குன்றம் அரிசி ஆலைகளிலும் இருளர் குடும்பங்கள் எப்படிக் கட்டிப்போடப்பட்டன? முன்பணத்தால். சில ஆயிரம் ரூபாயைக் கையில் கொடுத்துக் குடும்பத்தையே ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பிறகும், இந்த நூற்றாண்டிலும், அங்கிருந்து மக்கள் மீட்கப்பட்டார்கள். அங்கே பணம் வாங்கினவன் கட்டுண்டான். கல்லூரியில் பாருங்கள், பணம் கொடுத்தவன் கட்டுண்டு கிடக்கிறான். வாங்கினாலும் நாம்தான் அடிமை, கொடுத்தாலும் நாம்தான் அடிமை. அப்படியென்றால் கட்டிப்போடுவது பணம் யார் கையில் இருக்கிறது என்பதல்ல. யாரால் காத்திருக்க முடியும் என்பதுதான். சூளை முதலாளியால் காத்திருக்க முடியும். கல்லூரித் தாளாளராலும் முடியும். மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினவனால் முடியாது. சூளையில் மனிதர்கள் அடகு. கல்லூரியில் சான்றிதழ் அடகு.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. வைப்புத்தொகை வாங்காவிட்டால், வசதியுள்ளவர்கள் நாலு இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் மூன்றை உதறுவார்கள். உதறிய இடம் யாருக்கும் பயன்படாமல் காலியாகப் போகும். ஒரு மருத்துவ இடம் காலியாவது ஊருக்கே நட்டம். ஆகவே இடத்தை மதிக்கச் செய்ய ஒரு பிணை தேவை என்கிறார்கள். சரி. ஆனால் அந்தப் பிணை யாரைத் தடுக்கிறது? நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களுக்கான அகில இந்தியக் கலந்தாய்வில் வைப்புத்தொகை இரண்டு லட்சம், எல்லாப் பிரிவினருக்கும் ஒரே அளவு. மருத்துவமனை வைத்திருப்பவர் மகனுக்கு அது ஒரு நாள் வரவு, போனால் போகட்டும். உருக்காலைக் கூலியின் மகளுக்கு அது வாசலிலேயே பூட்டிய கதவு. எல்லோருக்கும் ஒரே தொகை என்பது பார்வைக்குச் சமத்துவம். சுமக்கிற தோளைப் பார்க்காமல் சுமையை மட்டும் சமமாக எடைபோடுவது சமத்துவம் ஆகாது.

சேர்ந்த பிறகு விலகுகிறவர்களின் கதை இன்னும் கசப்பானது. பாதியில் விட்டால் இத்தனை லட்சம் கட்டுகிறேன் என்று பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் பல மாநிலங்களில் இருந்துவந்தது. இப்படி இடம் விடுவோரிடம் பணம் பறிக்கும் பத்திரங்களைக் கைவிடும்படி 2024 ஜனவரியில் தேசிய மருத்துவ ஆணையமே மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. மாணவர்களின் மன உளைச்சலைக் காரணமாகச் சொன்னது. மன உளைச்சல் என்பது பொதுச்சொல். டெல்லி எய்ம்ஸில் நம் மாணவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று 2007இல் தோரட் குழு எழுதிய அறிக்கையைப் படித்தவர்களுக்கு அந்த உளைச்சலின் இன்னொரு பெயர் சாதி என்பது தெரியும்.

இதற்கு அண்ணலின் வாழ்க்கையே சாட்சி. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா போனபோது, திரும்பிவந்து பத்தாண்டு அந்த அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். 1917இல் வாக்குத் தவறாமல் பரோடா போனார். அந்த ஊரில் அவருக்குத் தங்க இடம் இல்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். சில நாட்களிலேயே ஊரைவிட்டுக் கிளம்பினார். ஒப்பந்தத்தை மீறியது யார்? காகிதம் ‘அம்பேத்கர்’ என்று சொல்லும். மனசாட்சி ‘பரோடா’ என்று சொல்லும். காகிதத்துக்கும் மனசாட்சிக்கும் இடையிலிருக்கும் அந்த இடைவெளியில்தான் இன்றும் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். கல்வி உதவித்தொகைக்கு உரியவர்களிடம் வைப்புத்தொகை வாங்கக் கூடாது. மற்றவர்களிடம் வருமானத்துக்கு ஏற்ப வாங்கட்டும். திருப்பித் தர நாள் குறிக்கட்டும், தவறினால் வட்டியோடு தரட்டும். ஏழு மாதம் நம் வட்டியில் அவர்கள் ஏன் வாழவேண்டும்? அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பவர்மேல் வழக்குப் பதியட்டும். படிவத்தில் ‘விருப்பமில்லை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘பணமில்லை’ என்று ஒரு கட்டம் போடட்டும். எத்தனை டிக் விழுகிறது என்று நாடு பார்க்கட்டும்.

அந்த அப்பாவுக்கு இப்போது பதில் சொல்லலாம். ஆமாண்ணே, இந்த நாட்டில் வேணாம்னு சொல்ல காசு வேணும். காசில்லாமல் சொல்கிற ‘வேணாம்’ நம்முடையது இல்லை, நம் வாயில் அவர்கள் வைத்த சொல். நம்முடைய ‘வேணாம்’ வேறே. மூன்று நாள் அந்த அலுவலக வாசலில் உட்கார்ந்தோமே, ‘போங்கய்யா’ என்று வாட்ச்மேன் விரட்டியபோது நீங்கள் எழுந்திருக்க மறுத்தீர்களே, அதுதான்.