கம்பளத்துக்கு அடியில் உள்ள வேலை

ஒரு தொழிலில் அடியெடுத்து வைக்கும் இளைஞனைப் பார்த்து உலகம் முதலில் கேட்பது மாதம் எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான். அது நியாயமான கேள்வியே. வீட்டு வாடகையும் அரிசி விலையும் ஒருவருடைய இலட்சியத்தை விசாரித்துவிட்டு ஏறுவதில்லை. ஆனால் ஜீவனத்துக்கென்று ஒன்றைக் கைக்கொள்ளுகிறவன், தன் ஆயுளின் பெரும்பகுதியை எவ்வகையான கவனத்தில் கழிக்கப் போகிறான், பிறர் பார்வை படாத இடத்தில் அவன் கை எப்படி நடந்துகொள்ளப் போகிறது என்ற கேள்விக்கும் அதே அளவு மதிப்புக் கொடுத்தாக வேண்டும் என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட்டில் என் நண்பர் ஒருவரின் மகன், எஸ்.பி.எம். பள்ளியிறுதிப் பரீட்சை முடிந்த கையோடு, கார்களுக்கு ஆடியோ பொருத்தும் கடையில் வேலை பழகப் போவதாகச் சொன்னபோது, இதைப் பற்றி மீண்டும் நிதானமாக யோசிக்க நேர்ந்தது.

"மாமா, அப்பா சிங்கப்பூருக்குப் போன்னு சொல்றாங்க. இந்தத் தொழில் இன்னும் பத்து வருஷம் நிக்குமான்னு கேக்குறாங்க. நீங்கதான் பேசிப் பார்க்கணும்" என்றான் பையன்.

தந்தையின் அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஜொகூரில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெற்கே, பாலத்துக்கு அப்பால், வேறு நாணயத்தில் சம்பளம் காத்திருக்கிறது. உள்ளூரிலேயே வேண்டுமென்றால் ஸ்ரீ காடிங் பக்கம் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, சொற்பச் சம்பளத்துக்கு ஒரு தவுக்கேயிடம் போய்க் காரின் கதவுப் பலகைகளைக் கழற்றக் கற்றுக்கொள்ளுவானேன் என்று ஒரு தகப்பன் கேட்டால், அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொழில் மாறிவருவதும் உண்மை. 1930-இல் சிகாகோவில் கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கிய நாள்முதல், காரும் ஒலிக்கருவியும் தனித்தனியே வாங்கி ஒன்றுசேர்க்கப்படும் பொருள்களாகவே நெடுங்காலம் இருந்தன. நம் நாட்டில் 1985-இல் புரோட்டோன் சாகாவும், 1994-இல் பெரொடுவா கஞ்சிலும் வந்து, சாமானியக் குடும்பங்களும் சொந்தக் கார் வைத்துக்கொள்ளத் தலைப்பட்ட காலத்தில், முகப்பில் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட அந்த நீள்சதுரப் பொந்துதான் சிறு பட்டணங்களில் எத்தனையோ கடைகளுக்குச் சோறு போட்டது. இப்போது வரும் கார்களில் தொடுதிரை முகப்போடு முகப்பாக ஆலையிலேயே ஒட்டிப் பிறக்கிறது. குளிர்சாதனமும் பின்புறக் காமிராவும் அதே திரையில் இயங்குவதால் அதைக் கழற்றுவாரில்லை. எனவே கடைக்காரர்கள் ஆலைக் கருவியை அப்படியே விட்டுவிட்டு அதன் பின்னால் ஆம்ப்ளிஃபையர் சேர்ப்பதற்கும், பாதையைப் பதிவு செய்யும் காமிராக்கள் பொருத்துவதற்கும், பழைய கார்களுக்கு ஆண்ட்ராய்டு திரை வைப்பதற்கும் திரும்பியிருக்கிறார்கள். பெட்டி மாறினாலும் பன்னிரண்டு வோல்ட்டு மாறவில்லை என்று பையனுடைய தந்தையிடம் சொன்னேன்.

இந்த வேலையின் சாரம் எங்கே இருக்கிறது என்பதை நான் உணர்ந்தது அந்தக் கடையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்து பார்த்தபோதுதான். ஆம்ப்ளிஃபையரின் எர்த் வயரைக் காரின் உடலோடு பிணைக்க வேண்டிய கட்டம். மூத்த தொழிலாளி பின் இருக்கையைத் தூக்கிவைத்து, கம்பளத்தை விலக்கி, அடித்தகட்டில் ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்குச் சாயத்தைச் சுரண்டத் தொடங்கினார். சாயம் போனது, அதன் கீழிருந்த சாம்பல் நிறப் பூச்சும் போனது, தகடு பளபளவென்று தெரிந்த பிறகும் இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். வயர் முனையில் செப்பு வளையத்தை இறுக்கி, அதைப் பிடித்து வலுவாக இழுத்துப் பார்த்து, போல்ட்டை முடுக்கி, சுரண்டிய இடம் துருப்பிடிக்காதபடி சுற்றிலும் சாயம் தடவினார். பிறகு கம்பளம் மூடிக்கொண்டது. காரின் சொந்தக்காரர் அதை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. சாயத்தின் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தாலும் அன்று மாலை பாட்டுப் பாடத்தான் செய்திருக்கும். சில மாதங்கள் சென்றபின், எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு மெல்லிய ஊளை பாட்டுக்குள் புகுந்துகொள்ளக் கூடும். காரின் மின்சாரமே பாட்டுக்குப் பகையாவது கால்வின்கள் காலத்திலிருந்து இந்தத் தொழிலோடு கூடப்பிறந்த சங்கடம்.

பையனுக்கு அந்த மூத்த தொழிலாளி சொல்லிக்கொடுத்த மற்றொரு பாடமும் என் மனத்தில் தங்கிவிட்டது. 500 வாட் சக்தியைப் பன்னிரண்டு வோல்ட்டில் எடுப்பதானால், விரயத்தைக் கணக்கில் சேர்க்காமலே நாற்பது ஆம்பியருக்கு மேல் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கம்பியில் ஓடும். பேட்டரியிலிருந்து புறப்படும் அக்கம்பி எஞ்சின் அறைச் சுவரின் துவாரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், தகட்டின் விளிம்பு வண்டியின் ஒவ்வோர் அதிர்விலும் உறையை அறுத்துக்கொண்டே இருக்கும். ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே, ஒரு முழத்துக்குள், வைக்க வேண்டும் என்பது அதனால்தான். "ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாத்துறதுக்குன்னு நினைக்காதே தம்பி, வயரைக் காப்பாத்துறதுக்கு. வயர் எரிஞ்சா காடியே எரியும்" என்று மலாயும் தமிழும் கலந்து அவர் சொன்னார். எல்லாம் நன்றாக நடக்கும்வரை ஃபியூஸ் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. என்றோ ஒருநாள் வரக்கூடிய, வராமலே போகக்கூடிய விபத்துக்காக இன்று ஐந்து நிமிஷம் அதிகம் செலவிடும் மனம் பதினெட்டு வயதில் ஒருவனுக்கு வாய்க்குமானால், அவனுடைய குறைந்த சம்பளத்தைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

மறைந்த வேலைக்குச் சாட்சி ஒருபோதும் இல்லையென்று சொல்ல எங்கள் ஊரில் முடியாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைச் சூழ்ந்த வெள்ளத்தையும், 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பாகாட் வட்டாரங்களில் வந்து, வடிய மனமில்லாமல் வாரக்கணக்கில் தேங்கி நின்ற வெள்ளத்தையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாள்களுக்குப் பிறகு கார்களின் இருக்கைகளைக் கழற்றிக் கம்பளங்களை உருவி வெயிலில் போடுகிறார்கள். அப்போது வெளிப்படுகிறது யார் எப்படி வேலை செய்தார் என்பது: முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இணைப்புகள் பச்சைக் களிம்பேறிக் கையோடு வருகின்றன, வளையம் இறுக்கி, சூட்டில் சுருங்கும் குழாயிட்டு மூடியவை பெரும்பாலும் கழுவித் துடைத்தால் போதும் என்ற நிலையில் இருக்கின்றன. வெள்ளத்தில் நனைந்த கருவி போனது போனதுதான்; வயரிங் தப்பிப்பது மட்டும் ஓரளவு மனிதன் கையில் இருக்கிறது.

காது விஷயத்தில் மாத்திரம் நான் பையனைக் கண்டித்தே பேசினேன். இந்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வேலையிடத்தில் ஒருவர் நாளொன்றுக்கு ஏற்கக்கூடிய சராசரிச் சத்தத்துக்கு 85 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. மூடிய காருக்குள் சப்வூஃபரைச் சோதிக்கிறவன் அதை வெகு சுலபமாகத் தாண்டிவிடுவான். வாடிக்கையாளர் தெரு அதிர வேண்டுமென்று கேட்கலாம், கொடுப்பதும் வியாபாரம்தான். ஆனால் இந்தத் தொழிலாளியின் முதல் கருவி ஸ்க்ரூடிரைவர் இல்லை, செவி. அது கெட்டபின், எந்த ஸ்பீக்கர் கதவுத் தகட்டை முனக வைக்கிறது என்பதை அவன் எதைக் கொண்டு கண்டுபிடிப்பான்?

படிப்பு நின்றுவிடும் என்பது தாயின் வருத்தம். அதற்கு இடமில்லை. பட்டணத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், பாரிட் ராஜாவில் இருக்கும் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகமே, 1993-இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் கற்பிக்கும் பயிற்சி நிலையமாகத்தான் தொடங்கியது. கைத்தொழிலுக்கும் கல்விக்கும் இடையே நம் வீடுகளில் எழுப்பி வைத்திருக்கும் சுவர் அங்கே இல்லை. மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டுமென்பதும் இல்லை. வேலையில் பெற்ற அநுபவத்தை ஆதாரங்களோடு தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டாளரின் முன்னிலையில் நிரூபித்தும் பெறலாம். ஆகவே ஒவ்வொரு காரிலும் பலகையை மூடுவதற்கு முன், எர்த் இணைப்பையும் ஃபியூஸையும் வயர் போகும் வழியையும் படம் பிடித்து, தேதியிட்டு வைத்துக்கொள் என்று பையனுக்குச் சொன்னேன். யாரும் பார்க்காத வேலைக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கட்டும். நாளை பரீட்சகர் கேட்டாலும் காட்டலாம், கார்க்காரர் கேட்டாலும் காட்டலாம்.

சிங்கப்பூர் எங்கும் ஓடிவிடாது. வாகன மின்சாரம் கையில் படிந்து, மூன்றாம் நிலைத் திறன் சான்றிதழும் வந்த பிறகு அவன் போக விரும்பினால் தாராளமாகப் போகட்டும்; அப்போது அவனுடைய விலையே வேறாக இருக்கும் என்று நண்பரிடம் வாதாடினேன். அவர் அரைமனத்தோடுதான் சம்மதித்திருக்கிறார். பையன் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். இன்னும் கிளிப்புகளை உடைக்காமல் கதவுப் பலகையைக் கழற்றும் கட்டத்திலேயே இருக்கிறான். கை பழகும்வரை அவன் கொண்டுவரும் சம்பளம் குடும்பத்துக்குப் பற்றாது, அதைக் குத்திக்காட்டாமல் சோறு போட வேண்டியது பெற்றோர் கடமை என்பதை மட்டும் நண்பரிடம் இரண்டாம் முறையும் சொல்லிவிட்டு வந்தேன்.