அறிந்தவர் கடன்

ஒன்றை அறிந்தவனுக்கு அறியாதவனிடத்துக் கடமை ஏதும் உண்டா? அறிந்ததை அறிவித்துவிட்டால் அக்கடமை தீர்ந்துவிடுமா? கண்டிக்கு அருகே பல்லேகலையில் இயங்கும் பூமியதிர்ச்சிப் பதிவு நிலையத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், யந்திரத்தின் நுட்பத்தோடு இவ்வினாக்களையும் அவர்முன் வைத்தல் வேண்டும்.

நுட்பம் எளியது. பாரமான பொருளொன்றைத் தொங்கவிட்டால், நிலம் அசையும்போதும் அது தன் நிலையிலேயே நிற்க முயலும். இரண்டுக்கும் இடையே தோன்றும் வேறுபாடே அதிர்வின் அளவாகும். இன்றைய கருவிகள் அதனை மின்குறிகளாக மாற்றி உலகெங்கும் அனுப்புகின்றன. நம் கால்கள் உணராத நடுக்கத்தையும் அவை உணர்கின்றன. மனித உழைப்பின் மகத்தான வெற்றி இது.

2004 டிசம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவான அதிர்ச்சி நிகழ்ந்தது. சில நிமிடங்களில் அதன் அலைகள் பல்லேகலையை எட்டின. கால் மணி நேரத்தில் ஹவாயிலுள்ள எச்சரிக்கை நிலையம் பசிபிக் நாடுகளுக்கு அறிக்கை விடுத்தது. கடல் நமது கிழக்குக் கரையில் ஏறுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. எனினும் அன்று இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கருவி அறிந்ததைக் கரையில் நின்ற மீனவன் அறியவில்லை. கருவிக்கும் அவன் குடிசைக்கும் இடையே சமுதாயம் பாதை அமைத்திருக்கவில்லை.

பின்னர் அப்பாதை அமைந்தது. ஹக்மன, மகாகனதராவ ஆகிய இடங்களிலும் கருவிகள் நிறுவப்பட்டன. இந்து சமுத்திரத்துக்கெனத் தனி எச்சரிக்கை முறையும் உருவாயிற்று. இனிச் செய்தி எட்டிவிடும், கவலையில்லை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் செய்தி எட்டியும் மக்கள் மடிந்த கதை நம் மலையகத்திலேயே உண்டு. இங்கே நம்மை அச்சுறுத்துவது மழையில் சரியும் மண்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் நிலம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்தது. 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் பிழைத்தனர். அவர்கள் திரும்பிவர வீடு இருக்கவில்லை, சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. முன்னரே சொல்லியும் மக்கள் வெளியேறவில்லை என்ற பேச்சு எழுந்தது. எங்கே வெளியேறுவது? தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக்கு உழைத்தவர்களுக்கு லயன் அறைக்கு வெளியே ஒரு பேர்ச் நிலமேனும் சொந்தமாக இருந்ததா? மாற்று வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 இல்.

விஞ்ஞானியைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. அவர் காலத்தே சொன்னார். போக்கிடம் அற்றவனிடம் 'போ' என்று சொல்வதை எச்சரிக்கை என்று எவ்வாறு அழைப்பது? பொறுப்பை அவன் தலையிலேயே ஏற்றிவிட்டுக் கைகழுவும் செயல் அது. நிலத்தை ஆளும் அரசுக்கும் கம்பெனிகளுக்கும் உரிய கடன், அவனுக்கு நிலமும் வீடும் கிடைக்கும்வரை தீராது. அதனை இடைவிடாது கேட்டு நிற்பது படித்தவர்களாகிய நம் கடன்.

மழை வலுக்கும் இரவுகளில் வட்டவளை லயன்களில் விளக்குகள் அணைவதில்லை. அங்கே விழித்திருப்போருக்கு ஆபத்து நன்றாகத் தெரியும். மண்ணின் நடுக்கத்தை அளக்கும் கருவியைக் கண்டு வியந்து திரும்பும் மாணவன், அவர்கள் போவதற்கு இடம் எங்கே என்றும் கேட்கட்டும்.