திறந்த திண்ணையும் திருட்டுச் சாவியும்

கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்த சிறுவனை நாம் அனைவரும் அறிவோம். மீண்டும் பூட்டத் தெரியாமல் தந்தையிடம் உதை வாங்கியவன் அவன். பின்னாளில் ஊரே தேடிவரும் கைவினைஞனாக வளர்ந்தவனும் அவனே. ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று அறியத் துடிக்கும் அந்த ஆவலை நாம் குற்றமென்று சொல்வதில்லை. ஆனால் அதே சிறுவன் அண்டை வீட்டுச் சுவரேறிக் குதித்து, அங்குள்ள கடிகாரத்தைப் பிரித்தால்? கையும் அதே கைதான். ஆவலும் அதே ஆவல்தான். பின், மாறியது எது?

இக்கேள்வி கணிப்பொறி விளையாட்டுகளின் உலகில் தொடக்கம் முதலே உடன்வந்திருக்கிறது. 1962-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸல் தம் தோழர்களோடு சேர்ந்து 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டை அமைத்தார். திரையில் இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும். அவற்றின் பின்னே விண்மீன்கள் ஏனோதானோவென்று சிதறிக் கிடந்தது பீட்டர் சாம்சன் என்பவருக்குப் பொறுக்கவில்லை. மெய்யான வானத்து விண்மீன்களை அவற்றுக்குரிய இடங்களில் நிறுத்தும் நிரலொன்றை எழுதி அதனோடு சேர்த்தார். டான் எட்வர்ட்ஸ் என்பவர் நடுவிலிருந்த கதிரவனுக்கு ஈர்ப்பு விசையைத் தந்தார். அந்நிரல் விலைக்கு விற்கப்படவில்லை. கேட்டவர்க்கெல்லாம் கைமாறிச் சென்றது. 'ஹேக்கர்' என்ற சொல் அந்தக் கழகத்து மாணவரிடையே ஒரு பாராட்டுச் சொல்லாகவே வழங்கிற்று. இன்று அதைக் கேட்டதும் நமக்குக் களவு நினைவுக்கு வருகிறதென்றால், அச்சொல் வெகுதூரம் இறங்கி வந்திருக்கிறது!

1993-இல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 'டூம்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய விளையாட்டை வாங்கியவர்கள், எவரும் சொல்லாமலே அதன் உள்ளே புகுந்து படங்களையும் அறைகளையும் மாற்றிக்கொண்டிருந்தனர். இதைக் கண்ட நிறுவனத்தார் வழக்குத் தொடுக்கவில்லை. புதிய விளையாட்டை, மாற்றுவதற்கு எளிதாகவே கட்டினர். இயக்கும் நிரல் ஓரிடம். அறைகளும் உருவங்களும் ஒலிகளும் 'வாட்' என்னும் தனிக் கோப்பில். முன்னதைத் தொடாமலே பின்னதை மாற்றலாம். 1997 டிசம்பரில் ஜான் கார்மாக் அதன் மூலநிரலையே பொதுவில் வைத்தார். வீட்டைக் கட்டியவரே வழிப்போக்கருக்குத் திண்ணை விட்டுக் கட்டியதை இது ஒக்கும். (அவ்விளையாட்டில் பெருகியோடும் குருதியில் நமக்கு நாட்டமில்லை. அது வேறு வழக்கு.)

இந்த வழக்கம் பரவிற்று. வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டை மாற்றியமைத்து, மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் 1999-இல் 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' என்பதைப் படைத்தனர். மறு ஆண்டே அந்நிறுவனம் அதனைத் தனதாக ஏற்று, அவர்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. திண்ணையில் அமர்ந்தவர்க்கு உள்ளேயும் இலை போடப்பட்டது.

அதே வீட்டில்தான் 2003-இல் பூட்டுத் திறக்கப்பட்டது. ஐந்தாண்டு உழைப்பில் உருவாகிவந்த 'ஹாஃப்-லைஃப் 2'-இன் மூலநிரலை, ஜெர்மனியிலிருந்த இளைஞர் ஒருவர் நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குள் நுழைந்து எடுத்துக்கொண்டார். சில நாள்களில் அது உலகெங்கும் பரவிற்று. பிறிதொருவரோடு பகிர்ந்துகொண்டதே தம் செயல், உலகுக்கு விட்டது தாமல்ல என்று அவர் பின்னாளில் கூறினார். இவ்விளக்கம் நம்மைத் தடுமாற வைக்கிறது. ஏனெனில் பகிர்தலே இவ்வுலகின் முதல் அறம் என்றுதானே இதுவரை சொல்லிவந்தோம்? சாம்சன் பகிர்ந்தார், கார்மாக் பகிர்ந்தார். ஆயினும் அவர்கள் பகிர்ந்தது தம் கையிலிருந்ததை. இவர் பகிர்ந்ததோ, இன்னும் முடியாத வேலையை; பிறர் இரவும் பகலும் அடித்துத் திருத்திக்கொண்டிருந்ததை. அரைகுறை ஓவியத்தைத் திரைவிலக்கிக் காட்டுபவன் திருடுவது ஓவியத்தை மட்டுமன்று. முடிந்தபின் காட்டும் உரிமையையும் ஓவியனிடமிருந்து பறிக்கிறான்.

நேர்மையாகப் பேசினால் மற்றொன்றையும் மறைக்கலாகாது. 2003 செப்டம்பர் 30-இல் விளையாட்டு வெளிவரும் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. கசிந்த நிரலோ, அது முடிவுக்கு வெகுதொலைவில் இருந்ததைக் காட்டிவிட்டது. களவால் ஓர் உண்மை வெளிப்பட்டது. அதனால் களவு நியாயமாகுமா? ஆகாதென்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் வாக்குத் தவறியவர்க்கும் அதில் பங்கில்லை என்று சொல்ல நாவெழவில்லை.

2004-இல் அந்த இளைஞர் நிறுவனத் தலைவர் கேப் நியூவெலுக்குத் தாமே கடிதம் எழுதினார், வேலையும் கேட்டார். நிறுவனம் இசைவது போல் நடித்துத் தொலைபேசியில் நேர்காணல் நடத்திற்று. எவ்வாறு நுழைந்தேன் என்பதை அவர் ஒளிவின்றி விளக்கினார். அமெரிக்காவுக்கு வரவழைத்துச் சிறைப்படுத்துவதே திட்டம். அதற்குமுன் ஜெர்மன் காவல்துறை அவரைத் தன் நாட்டிலேயே கைதுசெய்தது. 2006-இல் நீதிமன்றம் ஈராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பை விதித்தது. திருடியவரைப் பொய்யால் பிடிக்க முயன்றதை நாம் முழுமனத்தோடு ஒப்ப இயலவில்லை. ஆனால், எதை அவர் எதிர்பார்த்தார் என்பதே நம்மை அதிகம் வாட்டுகிறது. மின் லே நுழைந்த வாயிலில் தாமும் நுழையலாம் என்றே அவர் நம்பியிருக்கிறார்! திறமைதான் வாயிற்படி என்று எண்ணியவருக்கு, அங்கே மனிதர் வாழ்கின்றனர் என்பது தெரியாமற் போயிற்று.

2004 நவம்பரில் விளையாட்டு வெளிவந்தது. களவு கொடுத்தவர்கள் கதவை இறுக அடைத்துக்கொள்வர் என்றே நாம் எதிர்பார்த்திருப்போம். அவர்களோ அதனை மாற்றியமைக்கும் கருவிகளையும் விளையாடுவோர் கையில் கொடுத்தனர். அவ்வாண்டு டிசம்பர் 24-இல் கேரி நியூமன் என்னும் ஆங்கிலேயர் தம் மாற்றத்தை வெளியிட்டார். அதில் வெல்வதற்கும் ஒன்றுமில்லை, தோற்பதற்கும் ஒன்றுமில்லை. கிடைத்த பொருள்களை எடுத்துப் பிணைக்கலாம், அடுக்கலாம், தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கலாம்.