சான்றிதழும் சான்றாண்மையும்

சட்டம் விதித்ததைச் செய்துவிட்டால் கடமை நிறைவுற்றது என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் அறத்தோடு பொருந்தும் என்பதை ஆராய, வாகனத்தின் புகைக்குழாய் தக்கதோர் உரைகல்லாகும்.

இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனை 2008 ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுதற்குக் கொழும்பிலே கார் வைத்திருப்பவரும் ஆலையடிவேம்பிலே கார் வைத்திருப்பவரும் ஒருங்கே புகைச் சான்றிதழ் காட்டுதல் வேண்டும். பெற்றோல் வாகனமாயின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டும் ஐதரோகாபன்களும் அளக்கப்படும். டீசல் வாகனமாயின் புகையின் அடர்த்தி அளக்கப்படும். வாகனம் நின்ற நிலையிலேயே, சில நிமிடங்களில், யாவும் முடிந்துவிடுகின்றன.

புகைக்குழாயை மாற்றுதல் யாவும் ஒரு தன்மையன அல்ல. குழாயின் முற்பகுதியிலுள்ள ஊக்கி மாற்றியில் பிளாற்றினம், பலேடியம், உரோடியம் முதலிய உலோகங்கள் நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகின்றன. அதனைத் தொடாது பின்னுள்ள பகுதியை மட்டும் மாற்றுபவர் பெரும்பாலும் ஓசைக்கே பதில் சொல்ல வேண்டியவர். வேகம் கருதி ஊக்கி மாற்றியையே கழற்றிவிட்டுப் பரிசோதனை நாளில் மட்டும் பூட்டிச் செல்பவரின் நிலையோ வேறு. எனினும், இருவர் கையிலும் இருப்பது ஒரே சான்றிதழே.

பிளேட்டோ தமது 'குடியரசு' என்னும் நூலில் கைகீசின் மோதிரக் கதையைக் கூறுகின்றார். அணிந்தவனைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் மோதிரம் அது. காண்பார் இல்லாதபோதும் மனிதன் நீதி வழுவாது நிற்பானா என்பதே அங்கு எழும் வினா. பரிசோதனை நிலையத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு சாரதியும் ஓராண்டுக்கு அம்மோதிரத்தை அணிந்தவராகின்றார்.

தனிமனிதர் மட்டுமன்றிப் பெரும் நிறுவனமும் இதில் தவறியதுண்டு. வொக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களில், பரிசோதனை நடைபெறுவதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் கணினி நிரலைப் பொருத்தியிருந்தது. 2015 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இதனை வெளிப்படுத்தியது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அந்நிரல் இருந்தது. வீதியில் அவற்றுட் சில, அனுமதித்த அளவிலும் 40 மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டுகளை வெளியிட்டன. கழற்றிப் பூட்டுபவர் கையாற் செய்வதையே அந்நிறுவனம் கணினியாற் செய்தது.

ஈண்டு ஒரு தடை எழலாம். பழைய லொறியொன்றை நம்பிப் பிழைக்கும் ஏழை பரிசோதனையில் தவறுகின்றார். பொருள் உடையவரோ எளிதில் தப்புகின்றார். இத்தகைய சட்டத்துக்கு எதற்காகப் பணிதல் வேண்டும்? இத்தடையில் உண்மை உண்டு. ஆயின் அது சட்டத்தைச் சீர்செய்யக் கோருவதற்கான நியாயமே. விளையாட்டாக நஞ்சு கக்குவதற்கான உரிமையன்று. வயிற்றுப்பாட்டுக்காகத் தடுமாறுபவரின் பெயரைச் சொல்லி இன்பம் தேடுபவர் தம்மை மறைத்துக்கொள்ளுதல் மற்றோர் அநீதியாகும்.

பரிசோதனை என்பது நன்மையை அறிதற்குரிய ஓர் அடையாளம் மாத்திரமே. அடையாளத்தைப் பெற்று நன்மையைக் கைவிடுபவர் ஏமாற்றுவது அதிகாரியை மட்டுமன்று. அக்கரைப்பற்று வீதியில் சைக்கிளில் செல்லும் தொழிலாளியும் பாடசாலை விட்டு நடந்துவரும் பிள்ளையும் அப்புகையைச் சுவாசிக்கின்றனர். அவர்கள் எந்தச் சான்றிதழையும் கேட்பதில்லை. கேளாதவர்க்கும் செலுத்தப்படுவதே கடன் என்க.