முதலில் வருவதெல்லாம் உண்மையா?

“கூகுள்லயே போட்டிருக்கு!” வாக்குவாதத்தை முடித்துவைக்க இன்று இந்த ஒரு சொல் போதும். “சாஸ்திரத்திலேயே சொல்லியிருக்கு” என்றவர்களிடம், எந்தச் சாஸ்திரம், எழுதியவர் யார், யாருடைய நன்மைக்காக எழுதினார் என்று துருவிக் கேட்ட பரம்பரை நாம். கைபேசித் திரைக்கு முன்னால் மட்டும் அந்தக் கேள்விகளை ஏன் மறந்துபோனோம்? தேடுபொறி யார் யாரோ எழுதியவற்றை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. இப்போது உச்சியில் வரும் ஏஐ சுருக்கமும் பிறர் எழுதியதிலிருந்து திரட்டியதுதான்.

அந்த வரிசைக்கு நாம் கொடுக்கும் மரியாதைக்குக் கணக்கு இருக்கிறது. கூகுள் தன் பொருள் ஒப்பீட்டுச் சேவையை மேலே வைத்துப் போட்டியாளர்களைக் கீழே தள்ளியதற்காக, 2017 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் அதற்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. அப்போது ஆணையம் வெளியிட்ட விவரம் இது: கணினியில் தேடுவோரின் கிளிக்குகளில் சுமார் 95 விழுக்காடு முதல் பக்கத்தின் பத்து முடிவுகளுக்கே போகிறது. முதல் இடத்துக்கு மட்டும் சுமார் 35. இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்கோ வெறும் 1 விழுக்காடு. முதலிடத்தில் இருப்பதை மூன்றாம் இடத்துக்கு இறக்கினால் கிளிக்குகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றன. பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

“தரமாக இருப்பதால்தானே மேலே வருகிறது?” என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். முடிவு 2007-இல் வெளியானது. மாணவர்களைத் திரைமுன் உட்காரவைத்து, கண் எங்கே போகிறது என்பதைக் கருவியால் பதிவுசெய்தார்கள். ஒரு பிரிவினருக்கு, அவர்கள் அறியாமலே, வரிசையைத் தலைகீழாக்கினார்கள். பத்தாவது முதலாவதானது, முதலாவது பத்தாவதானது. அந்த மாணவர்கள் சற்றுத் தயங்கினார்கள். இன்னும் சில முடிவுகளையும் பார்த்தார்கள். ஆனாலும் பொருத்தம் குறைந்ததாக இருந்தும் மேலே இருந்ததையே பெரிதும் தேர்ந்தார்கள். கண்முன் இருந்த சான்றைவிட இருந்த இடம் பெரிதாகிவிட்டது. படித்த பிள்ளைகள், பல்கலைக்கழகத்துக்குள்ளேயே! இதை நம்பிக்கை என்று சொல்லலாம். அறிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வரிசை எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் முன்வைத்த பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் தரும் இணைப்புகளே வாக்குகள்; செல்வாக்குள்ள பக்கம் போடும் வாக்குக்கு எடை அதிகம். இன்று நூற்றுக்கணக்கான அளவுகோல்கள் சேர்ந்துவிட்டன. பயனர்களின் கிளிக் விவரமும் அவற்றில் ஒன்று என்பது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் சாட்சியங்களில் வெளிவந்தது. மேலே இருப்பதால் கிளிக் செய்கிறோம். கிளிக் விழுவதால் அது மேலேயே நிற்கிறது. கூட்டம் சேரும் கோயிலில்தான் சாமிக்குச் சக்தி அதிகம் என்று மேலும் கூட்டம் சேர்வது போன்ற கதைதான் இது. அந்தப் பக்கம் சொல்வது மெய்யா என்று நேரடியாக அளக்கும் கோல் இதில் எங்கே இருக்கிறது?

இதை வெறும் வணிகச் சண்டையாக விட்டுவிட முடியாது. 2014 மக்களவைத் தேர்தலின்போது, யாருக்கு வாக்களிப்பதென்று முடிவுசெய்யாத 2,150 இந்திய வாக்காளர்களிடம் எப்ஸ்டைன், ராபர்ட்சன் என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். தேடல் முடிவுகளின் வரிசையை ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர் பக்கம் சாய்த்துக் காட்டினார்கள். வாக்காளர்களின் விருப்பமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. வரிசையில் சூது இருப்பதைக் கண்டுகொண்டவர்கள் மிகச் சிலரே. ஆட்சியை மாற்ற, வரிசையை மாற்றினாலே போதும் என்று ஒருவன் நினைத்தால் அவனைத் தடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் 2012-இல் கொடுத்த புகார்களின் பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆறு ஆண்டுகள்! ஒரு தாய் நள்ளிரவில் குழந்தையின் காய்ச்சலுக்கு வழி தேடும்போது எந்த ஆணையமும் உடன் உட்கார்ந்திருக்காது. தமிழில் மருத்துவம் பேசும் நல்ல பக்கங்கள் குறைவு. போட்டி குறைந்த இடத்தில், “ஒரே வாரத்தில் சர்க்கரை நோய் ஓடிவிடும்” என்று எழுதி மாத்திரை விற்பவன் மேலேறுவது எளிது. அவனை மேலே ஏற்றியதில் நம் விரலுக்கும் பங்குண்டு. அதை நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்தினால், ‘நான் சும்மா திறந்துதான் பார்த்தேன், பகிர்ந்தேன்’ என்று நாம் தப்பித்துக்கொள்வது நேர்மையா?

எல்லாவற்றையும் சோதிக்க நேரம் ஏது என்பது நியாயமான கேள்விதான். பேருந்து நேரத்துக்கு முதல் முடிவே போதும். மருந்து, வாக்கு, வரலாறு, இன்னொரு சாதியையோ மதத்தையோ பற்றிய குற்றச்சாட்டு என்று வரும்போது போதாது. விளம்பரம் என்பதைக் காட்டும் சிறிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எழுதியவர் யார், எந்த ஆண்டு எழுதினார், கடைசியில் எதை விற்கிறார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் மூடிவிட்டு ஏழாவதையும் எட்டாவதையும் திறந்து ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் ஐயம் தீரவில்லையா? அந்தப் பக்கத்தைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பாதீர்கள்.